கல்வராயன் மலைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

விழுப்புரம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி.

கோணிப்பையில் இரண்டு இரும்புக் கால்களைச் சுற்றிக் கட்டி, அக்குளில் இடுக்கும் கட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக நின்றேன். பஸ் வருமா வராதா என்று டைம் கீப்பருக்கே தெரியவில்லை. இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வழியில் மரங்களை அறுத்துத் தள்ளிவிட்டார்கள், ஒற்றை வண்டி போகிற அளவுக்கு இடம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இல்லை, உளுந்தூர்பேட்டையோடு திருப்பி அனுப்புகிறார்கள் என்று இன்னொருவர். ஏழே காலுக்கு ஒரு பஸ் வந்தது. நெரித்துக்கொண்டு ஏறினோம்.

நான் ஏன் போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. என்னைப் போன்ற கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு தரும சங்கம் நடத்துகிறோம். நடக்க முடியாதவர்களுக்குத் தள்ளுவண்டி, ஊன்றுகட்டை, இளம்பிள்ளை வாதம் வந்த கால்களுக்குக் கம்பி வைத்த பூட்ஸ் என்று கொடுப்போம். போன பங்குனியில் கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்து நாள் முகாம் போட்டு அளவு எடுத்தோம். அங்கேதான் பொன்னியைப் பார்த்தேன். கல்வராயன் மலையிலிருந்து அம்மாவோடு வந்திருந்தாள். இருபது வயது. இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு இரண்டு காலும் போய்விட்டது. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையை ஊன்றி உடம்பை இழுத்து இழுத்து நகர்வாள். மைதானத்தில் மூங்கில் கட்டி, பழகுவதற்கென்று வைத்திருந்த கம்பிக்கால்களை மாட்டி நடக்க வைத்தோம். முதல் இரண்டு நாள் விழுந்தாள். நான்காம் நாள் மூங்கிலை விட்டுவிட்டு ஊன்றுகட்டையில் நடந்தாள். முகாமுக்கு வந்தவர்களில் அவளைப் போல வீம்பாக நடந்தவர் எவருமில்லை.

அவள் அம்மா அலமேலு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். என்னம்மா என்று கேட்டதற்குச் சொன்னாள். குழந்தைக்குக் கால் போன அன்றைக்கு ஊர்ப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாளாம். இவள் எழுந்து நடந்து வந்து ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில் உன் முன்னால் மாவிளக்கு வைப்பாள், அதுவரைக்கும் நானும் உன் வாசக்கல்லைத் தாண்ட மாட்டேன் என்று. ஊரே உள்ளே போகும், இவள் பதினெட்டு வருஷமாக வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறாள். வருகிற புரட்டாசிக்குள் கால் வந்துவிடும் என்று நாங்கள் சொல்லி அனுப்பினோம்.

கால் சித்திரையிலேயே தயார். ஆனால் எங்கள் சங்கத்தில் எதையும் விழா எடுக்காமல் கொடுக்க மாட்டார்கள். பந்தல் வேண்டும், மாலை வேண்டும், தலைமை தாங்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். சித்திரையில் பெரிய மனிதர் வீட்டில் கல்யாணம். ஆனியில் அவருக்கு உடம்பு சரியில்லை. ஆடியில் நல்ல காரியம் எதற்கு என்றார் எங்கள் செயலாளர். ஆவணியில் மண்டபம் கிடைக்கவில்லை. புரட்டாசியில் தேதி வைத்தோம், மறியல் வந்தது. அத்தனை மாதமும் அந்தக் கால்கள் சங்க அறையில் ஆணியில் தொங்கின. எனக்குப் பொறுமை அதிகம் கிடையாது. எல்லாரையும் ஒரு மூச்சு திட்டிவிட்டு, நானே கொண்டுபோகிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தியாகதுருகத்துக்கு முன்னால், ஒன்பதரை.

உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே சாலையின் இரண்டு பக்கமும் புளிய மரங்கள் நிழல் போட்டு நிற்கும். இப்போது பல இடங்களில் அடிக்கட்டை மட்டும் நின்றது. அறுத்த துண்டுகளைப் பள்ளத்தில் உருட்டிவிட்டிருந்தார்கள். இலை இன்னும் முழுதாகக் காயவில்லை. சாலையைக் குறுக்கே வெட்டிய இடங்களில் மண்ணைக் கொட்டி மேவியிருந்தார்கள். அங்கெல்லாம் எங்களை இறக்கி நடக்கவிட்டு, காலி பஸ்ஸை ஓட்டிக் கொண்டுவந்தார் டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி. மறியலில் அக்காள் மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது, எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று விசாரிக்கப் போய்விட்டுத் திரும்புகிறார். விவரம் தெரிந்ததா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

தியாகதுருகத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியது. என் கோணிப்பையைத் தொட்டுப் பார்த்த போலீஸ்காரர் முகம் மாறிவிட்டது. "இன்னா சார் இது, கம்பி கம்பியா இருக்குது?" என்றார். அந்த நாளில் இரும்புக் கம்பியோடு பயணம் போகிற ஆளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார். சாலையோரத்தில் கோணியைப் பிரித்து, தொடைப்பட்டை, முட்டிப் பூட்டு, கீழே பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். கம்பியின் நுனி பூட்ஸின் குதிகாலில் செருகியிருப்பதையும், பூட்ஸ் இல்லாவிட்டால் கம்பிக்கு நிற்க இடமே இல்லை என்பதையும் கண்ணாடிக் கடையில் பேசுகிற மாதிரியே விளக்கினேன். அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தார். "நல்ல தோலு சார். எங்க பூட்ஸே இப்படி இல்ல," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் தரமான தோலில்தான் தைக்க வேண்டும் என்று சங்கத்தில் சண்டை போட்டவனே நான்தான்.

கச்சிராயபாளையம், பகல் பன்னிரண்டரை.

கள்ளக்குறிச்சியில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. திறந்திருந்த ஒரு கடையில் அறுபது பைசாவுக்கு ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சுமார் பதினாறு கிலோமீட்டர் போனால் மலையடிவாரம், கச்சிராயபாளையம். அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஜீப். மறியலுக்கு முன் ஆளுக்கு ஆறு ரூபாய் வாங்கியவர்கள் இப்போது பத்து கேட்டார்கள். டீசல் வரவில்லை என்பது காரணம். ஜீப் டிரைவர் சேகர் கள்ளக்குறிச்சிக்காரர், வாய் ஓயாத ஆள். ரோடு எப்படி என்று கேட்டதற்கு, "ரோடு இருக்குதான்னு கேக்காதீங்க சார். மலை இருக்குது, ஏறிக்கினே போவோம்," என்றார்.

கோமுகி அணையை இடப்பக்கம் விட்டுவிட்டு ஏறினோம். ஜீப்பில் உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், பதினான்கு பேர். மழை பெய்து ஓய்ந்த மலை. வளைவுக்கு வளைவு சாலையில் கல் உருண்டு கிடந்தது. மேலே போகப்போகக் காற்று குளிர்ந்தது. சரிவுகளில் சாமைக் கதிர் தலை சாய்ந்து நின்றது, பலாமரங்கள், மரவள்ளி. சேகர் என் கோணியைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "அலமேலு பொண்ணா? அந்தம்மா நாலு மாசமா ஜீப்பு வரச்சொல்ல எல்லாம் வந்து நின்னுக்கினு இருக்கும் சார். காலு வந்துச்சான்னு கேக்கும்," என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் பெரிய மனிதர் எதிரே வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

மலைமேல் ஊர், மாலை மூன்றே கால்.

ஊர்ப் பெயர் வேண்டாம். வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது கூரை வீடுகள், சுவரெல்லாம் செம்மண் பூச்சு. அலமேலு என்னைக் கண்டதும் ஓடி வந்து கோணியைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள், அப்புறம்தான் வாங்க என்றாள்.

பொன்னி வாசலில் உட்கார்ந்து தானே பட்டைகளைக் கட்டிக்கொண்டாள். பங்குனியில் பழகியது ஒன்றுகூட மறக்கவில்லை. முட்டிப் பூட்டு இரண்டும் டக் டக் என்று விழுந்தன. கட்டையை ஊன்றி எழுந்தாள். ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தலைக்கு நேரே வந்துவிட்ட கூரை விளிம்பைக் கையால் தொட்டாள். ஒரு புல்லை இழுத்துப் பார்த்தாள். "இது இவ்ளோ கிட்டவா இருக்குது?" என்றாள். இருபது வருஷம் வாழ்ந்த வீட்டின் கூரை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

முற்றத்தில் இரண்டு நடை நடந்துவிட்டு, "உள்ள வா, உக்காரு" என்று அம்மா கூப்பிட்டதும் திரும்பினாள். வாசலில் வந்து நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். சாணி மெழுகிய தரை, அடுப்படி, மூலையில் சாமி படம், காலில் முதல் தரமான தோல் பூட்ஸ். அவள் உட்கார்ந்து பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கால்களை வெளியே சாத்திவைத்துவிட்டுக் கையை ஊன்றி உள்ளே நகர்ந்து போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை, கோயில்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்போடு போகாத ஜனங்கள்தானே நாங்கள் அத்தனை பேரும்? அளவெடுத்தவர், தைத்தவர், பணம் கொடுத்தவர், நான், ஏன், அலமேலுவும்தான். பள்ளிக்கூட மைதானத்தில் அவள் நடந்தாள். மைதானத்தில் எவரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதனால் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படியும் ஒரு புத்தியா!

சனிக்கிழமை காலை எட்டு மணி.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் படுத்துவிட்டு விடிந்ததும் நடந்தே வந்தேன். அலமேலு தலைக்குக் குளித்து, தினைமாவில் வெல்லம் போட்டு இடித்து, குழித்து நெய் ஊற்றிய மாவிளக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். நேற்று வாசலில் நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாருமே நினைத்தோம்போல.

வீட்டிலிருந்து கோயில் அரை பர்லாங்குதான், ஆனால் மேடு. பொன்னி நடந்தாள். கட்டையை முன்னால் ஊன்றுவாள், இரண்டு காலையும் சேர்த்து வீசுவாள், நிற்பாள். மழைச் சேற்றில் ஒரு தடவை சறுக்கினாள். பிடிக்கப் போன கைகளைத் தோளால் தள்ளினாள். ஊர் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். அம்மா தட்டோடு கடைசியில் வந்தாள்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஓடு போட்ட சின்னக் கட்டடம், முன்னால் ஒரு வாசக்கல். கல்லுக்கு இப்பால் செருப்புகள் கிடந்தன. பொன்னி கல்லின் முன்னால் வந்து நின்று பூசாரியைப் பார்த்தாள். பூசாரி நல்ல மனிதர், வயதானவர். பூட்ஸைப் பார்த்தார், தலை குனிந்துகொண்டார்.

யார் யாரோ பேசினார்கள். பூட்ஸையும் கால் என்றே நினைத்துக்கொள்ளக் கூடாதா என்றார் ஒருவர். பெருமாள் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார் பூசாரி, ஊர் ஒத்துக்கொண்டால் தனக்குத் தடையில்லை என்றும் சொன்னார். புதுத்துணி கொண்டுவாருங்கள், பூட்ஸுக்கு மேலே சுற்றிவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். ஊர் இளகுகிற மாதிரித்தான் இருந்தது. இளகாதவள் அலமேலுதான்.

"துணி சுத்துனா தோலு இல்லன்னு ஆயிடுமாங்க?" என்று என்னைக் கேட்டாள். "பதினெட்டு வருசம் நின்னேன். தோலோட உள்ள வுட்டு, அது நாளைக்கு எம் பொண்ணு மேலயே திரும்புச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் ஒரு வழி சொன்னேன். கால்களை நான் விழுப்புரத்துக்கே திரும்பக் கொண்டுபோகிறேன், தோலை எடுத்துவிட்டுக் கட்டையும் கித்தான் துணியுமாக அடிப்பாகம் மாற்றச் சொல்கிறேன், கடைசிச் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றேன். அலமேலு முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துக்கினு போங்க. இத்தினி நாள் இருந்தேன், இன்னும் ரெண்டு வாரம்," என்றாள்.

பொன்னி மட்டும் அசையவில்லை. கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "குடுக்க மாட்டேன்," என்றாள்.

அம்மா அதட்டினாள், கெஞ்சினாள். வேண்டுதல் உனக்காகத்தானே என்றாள். பொன்னி என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கீழ போனா வராது சார். பங்குனியில தரேன்னீங்க. இப்ப புரட்டாசி."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய. அவள் கொஞ்சம் கிட்டே வந்து, ஊர் ஆண்கள் காதில் விழாதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எனக்குக் கோயிலு வருசத்துல ஒரு நாளு. வெளிக்குப் போறது தினம். தவழ்ந்துக்கினு போவேன் சார், அந்தச் சேத்துல, அந்த இதுல எல்லாம் கைய ஊனிக்கினு. இன்னைக்கு விடியக்காலம் நின்னுக்கினு போயிட்டு வந்தேன்."

அலமேலு காதில் அது விழுந்தது. மாவிளக்கை ஏற்றித் தட்டை மகளிடம் நீட்டினாள்.

பொன்னி வாசக்கல்லுக்கு இப்பால், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டைகளை அவிழ்த்தாள். இரும்புக் கால்கள் இரண்டையும் சேர்த்துச் சாத்திவைத்தாள், யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல என் பக்கமாகத் தள்ளிவைத்தாள். தட்டை ஒரு கையால் முன்னே தள்ளுவதும் மறு கையை ஊன்றி உடம்பை இழுப்பதுமாகக் கல்லைத் தாண்டி உள்ளே போனாள். தட்டு தரையில் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று. மாவிளக்கு அணையவில்லை. பூசாரி குனிந்து வாங்கிப் பெருமாள் முன்னால் வைத்தார்.

அலமேலு கல்லுக்கு வெளியே நின்று கும்பிட்டாள். போன வருஷம் எங்கே நின்றாளோ அங்கேயே. ஊரே உள்ளே போய்த் தீபாராதனை பார்த்தது. வெளியே நானும் அவளும் அந்தக் கால்களும்தான் இருந்தோம். உள்ளே போங்கம்மா, பெருமாளுக்குத் தெரியாதா என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவளாகவே சொன்னாள்: "உங்க மேல கொற இல்லீங்க. நடக்கணும்னு கேட்டேன், நடக்கறா. அவரு வூட்டுக்குள்ள மட்டும் வர முடியல."

பொன்னி வெளியே வந்து கால்களை மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். ஏறும்போது இருந்த வேகம் இல்லை. அம்மாவுக்கு முன்னால் பத்தடி போவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், அம்மா வருகிறவரை காத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இறக்கம்.

புறப்படுமுன் போய்ச் சொல்லிக்கொண்டேன். தோல் இல்லாமல் இன்னொரு ஜோடி தனியாகச் செய்து அனுப்புகிறேன், இது உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அலமேலு சரிங்க என்றாள். இதற்கு முன் பல பேருக்குச் சொல்லிப் பழகிய சரிங்க அது. பொன்னி ஜீப் நிற்கிற இடம்வரைக்கும் நடந்தே வந்து வழியனுப்பினாள். அங்கே நின்றுகொண்டிருந்த பெண்களோடு தோளுக்குத் தோள் நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஜீப் திரும்புகிறவரை அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். "பொண்ணு நடக்குது இல்ல சார், வுடுங்க," என்று சேகர் ஒரு தடவை சொன்னார். அதுவும் வாஸ்தவம்தான். ஆனாலும் மனசு சமாதானம் ஆகவில்லை.

விழுப்புரம், மாலை ஐந்தரை.

பஸ் நிலையத்துக்கு வெளியே எங்கள் சங்கச் செயலாளர் எதிரே வந்தார். மலைக்குப் போனது எப்படி என்று கேட்டார். போட்டோ எடுத்தீரா என்றார். நின்ற இடத்திலேயே இன்னொரு ஜோடி விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஆளுக்கு இரண்டா என்று யோசித்தார். பிறகு, செய்துவிடலாம், தீபாவளி கழித்து விழா வைக்கிறோமே, பெரியவர் கையாலேயே கொடுத்துவிடலாம் என்றார். பஸ் நிலையம் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். நாளைக்கே நான் என் காசில் செய்துகொள்கிறேன் போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்வேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் விசாரித்தபோது, கடைசிச் சனிக்கிழமைக்குள் முடியாது என்று பூட்ஸ் தைப்பவர் சொல்லிவிட்டார். இனி அடுத்த புரட்டாசிதான்.

என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். நடுவில் கோலம். உள்ளே விளக்கு ஏற்றியிருந்தார்கள். கால் செருப்பைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. ஏன் அங்கேயே நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று மனைவி கூப்பிட்டாள்.

செருப்பைக் கழற்றிப் போட்டேன். நடந்து உள்ளே போனேன்.